நான் அமுக்காத பொத்தான்

செய்த குற்றத்துக்கு ஒரு குட்டு வாங்கினேன். அதில் எனக்கு வழக்கில்லை. செய்யாத குற்றத்துக்கு நாலு வாங்கினேனே, அதை நினைத்தால் இந்த வயதிலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாண்டிக்குடியில் எங்கள் வீட்டை ஒட்டி ஜீப் ஷெட். மழைக்காலம் முழுக்கத் தரை காயாது. வயர்மேனான சித்தப்பா அங்கே புதிதாக ஒரு சுவிட்ச் மாட்டினார். கரண்ட் எங்காவது கசிந்தால் அது தானாகவே விழுந்துவிடுமாம். சோதித்துப் பார்க்க அதிலேயே ஒரு பொத்தான். அப்பா ஜீப்புக்கு அடியில் கிடந்தபோது, டிரம் மேல் ஏறி அமுக்கினேன். 'டப்'. விளக்கு போனது, அப்பா வந்தார், குட்டு விழுந்தது.

அதன்பிறகு அப்பா இரும்புக் கூண்டு போட்ட, நீள வயர் வைத்த கைவிளக்கை எடுத்தாலே சுவிட்ச் விழும். நான் வாசலில் நின்றால் போதும், தீர்ப்பு தயார்.

"நான் அமுக்கலப்பா."

"பின்னே முருகனா வந்து அமுக்குனாரு?"

ஒருநாள் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சுவிட்ச் விழுந்தது. காலால் அமுக்கியிருப்பேனாம். கைக்கே டிரம் வேண்டும், காலுக்கு எப்படி எட்டும்? இதையெல்லாம் யாரிடம் கேட்பது.

அந்தச் சுவிட்சைக் கழற்றிவிடச் சொல்லிச் சித்தப்பாவிடம் போய் அழுதேன். அப்பாவும், "கழட்டிருப்பா, ஒரு சோலி ஓட மாட்டேங்குது" என்றார்.

சித்தப்பா ரப்பர் செருப்போடு ஷெட்டுக்குள் வந்து கைவிளக்கை எடுத்தார். நன்றாக எரிந்தது. அப்பாவுக்குச் செருப்புதான் கண்ணில் பட்டது. பழனி விபூதி பூசிய ஜீப் நிற்கிற இடம். அவர் வெறுங்காலோடுதான் நுழைவார்.

"செருப்பை வெளிய விடுறா" என்றபடி விளக்கை வாங்கினார். 'டப்'. நான் முற்றத்தில் ஆயக்குடிக் கொய்யா தின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பா ஈரத்தரையில் நின்ற அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். "கையில சுள்ளுன்னுச்சாண்ணே?"

"பனிக்கு எப்பவும் அப்பிடித்தான்."

சித்தப்பா விளக்கை மர ஸ்டூலில் வைத்து, சுவிட்சைத் தூக்கிவிட்டு, இரும்புக் கூண்டில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, வயரைத் துண்டு துண்டாக வெட்டினார்.

"கூண்டுல கரண்ட் கசியுது. ஒவ்வொரு தடவையும் இந்தச் சுவிட்ச் நிப்பாட்டலன்னா, இன்னைக்கு நீங்க இல்லண்ணே."

இனி என்னிடம் வருத்தம் தெரிவிப்பார்கள் என்று காத்திருந்தேன். அப்பாவோ ஜீப்புக்குப் பூசுகிற விபூதியை எடுத்து அந்தச் சுவிட்சுக்குப் பூசினார். எனக்குக் குட்டு, அதற்கு விபூதி.

சித்தப்பா அடுப்படியில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். என் குட்டுகளுக்காக அழ ஒருத்தியாவது இருக்கிறாளே என்று, வீங்கின பக்கம் தெரிகிறமாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன்.