பலாரோச் சந்தில் தொங்கிய துணிப்பை

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது, அது கள்வரின் நகரம் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையை வளர்த்தவர் என் கணவரின் தமையனார். அமெரிக்காவில் நடுத்தர அளவிலான நகரம் ஒன்றில் இருந்தார். நகரங்களைக் குற்றக் கணக்கின்படி வரிசைப்படுத்திய பத்திரிகைப் பட்டியலை, குற்றம் குறைந்ததென்று முன்வரிசையில் நின்ற தம் நகரின் பெயருக்குக் கீழே கோடிட்டு அனுப்பியிருந்தார். கணவர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு, அங்கே குடியேறுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினார்.

எங்கள் நாட்டில் போர்க்காலத்தில் அடிக்கடி இடம்பெயர்ந்ததால் எனக்கொரு பழக்கம் இருந்தது. கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், இத்தாலியில் வாழ அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ என எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் இட்டுப் போகுமிடமெல்லாம் கொண்டுபோவேன். வீடு புகும் கள்வரிடமிருந்து அவை தப்பும் என்பது என் கணிப்பு.

ஒரு காலை பலாரோச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுப்பதற்காகப் பையைக் கீழே வைத்தேன். பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலைசெய்த வீட்டின் படியேறும்போதுதான் கை வெறுமையாக இருப்பதை உணர்ந்தேன். அந்தத் தாள்கள் இல்லையென்றால் கணவருக்கும் மகளுக்கும் எனக்கும் இத்தாலியும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. திரும்பி ஓடினேன்.

என்னைக் கண்டதும், முகம் தெரிந்த மரக்கறிக்காரர் மேலே கைகாட்டினார். மாடிப் பெண்கள் சாமான் வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடையொன்றில், எவர் கைக்கும் எட்டாத உயரத்தில், சந்தின் நடுவே என் பை தொங்கிக்கொண்டிருந்தது.

பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் உடனே கூடையை இறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டாள். சந்தே கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் சிசிலிய மொழியில் கேட்டது எங்கள் தமிழில் இப்படி வரும்: "கத்தரிக்காய் வாங்க வந்தனியோ, குடிபெயர வந்தனியோ? வீட்டிலை அலுமாரி இல்லையோ?"

சந்தில் எழுந்த சிரிப்பு அடங்கியபின், ஏன் வீட்டுக்குள் எடுத்து வைக்கவில்லை என்று கேட்டேன்.

"உள்ளுக்கை வைச்சா நான் ஒருத்திதான் காவல். வெளியிலை தொங்கினா சந்து முழுக்கக் காவல்."

கட்டிய முடிச்சு அவிழாமலே பை என்னிடம் வந்தது. அந்நகரில் கள்வர் இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் வானொலி களவு போயிருந்தது.

மாலையில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். "இதைப் போட அந்தப் பட்டியலிலை ஒரு நிரல் இல்லைத்தானே," என்றார். பிறகு, "கொஞ்ச நாள் இருந்து பாப்பம்," என்றார். விண்ணப்பம் பாதியிலேயே நின்றது.

ஒரு நகரம் பாதுகாப்பானதா என்று எவரேனும் கேட்டால், அங்கே உங்களை முகம் பார்த்து அறிகிறவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கவே இன்றும் தோன்றுகிறது. கணவர் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. மகளும் நானும் இங்கேயே இருக்கிறோம்.