பயர்மேனுக்குக் காய்ச்சிய பூசணிப் பால்

சமையல் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணாச்சி, உப்பு எவ்வளவு போடணும்?" உப்பு கூடினால் சாப்பிடுகிறவன் அங்கேயே வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவான். மறுநாள் சரியாகிவிடும். அது ஒரு பெரிய விஷயமா? பாராட்டிக் கொண்டே குடிக்கிறான் பாருங்கள், அவன் விஷயத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1. கொடியில் கிடந்த சட்டை

யுத்தத்துக்கு முந்திய காலம். தென்காசியில் ரயில்வே ரன்னிங் ரூமில் நான் சமையல்காரன். வெளியூரிலிருந்து வண்டி கொண்டு வரும் டிரைவர்களும் பயர்மேன்களும் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து போகிற இடம் அது. உள்ளூர் இன்ஜின் ஷெட்டில் வேலை பார்க்கிற கல்யாணமாகாத ஆட்களுக்கும் என் கைச் சோறுதான். அவர்களில் ஒருவன் சங்கரலிங்கம், வாசுதேவநல்லூர்க்காரன், இன்ஜினில் கரி போடுகிற பயர்மேன். இருபத்தைந்து வயசிருக்கும்.

வைகாசி மாதம், ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். நான் பின்பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டிக் கொண்டிருந்தேன். என் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். சங்கரலிங்கம் வந்தான். நேரே கொடிக்கு முன்னால் போய் நின்றான்.

"அண்ணாச்சி, சோறு ஆயிட்டா? பசி உயிர் போவுது."

சட்டை என்ன பதில் சொல்லும்?

"என்ன அண்ணாச்சி, பேச மாட்டேங்கீய? எம்மேல என்ன கோவம்?"

பயல் கேலி செய்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். "ஏலே, சட்டைக்குச் சமைக்கத் தெரியாது. நான் இங்கன இருக்கேன்" என்றேன். அவன் குரல் வந்த திக்கில் திரும்பினான். கையை நீட்டித் துழாவிக்கொண்டு வந்தவன் ஆட்டுரலில் முழங்காலை இடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"எத்தனை நாளாலே இப்படி?"

"ஒரு மாசம் இருக்கும் அண்ணாச்சி. பகல்ல ஒரு குறையும் இல்ல. பொழுது சாஞ்சா எல்லாம் மூட்டம் போட்ட மாதிரி ஆயிருது." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "யார்ட்டயும் சொல்லிராதீய. ஆடில மதுரை டாக்டர் கண் டெஸ்டுக்கு வாராரு. ஆவணில எனக்குக் கல்யாணம்."

அச்சன்புதூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். இன்ஜின் உத்தியோகம் என்று கேட்டுத்தான் பெண் வீட்டார் சம்மதித்ததே. டெஸ்டில் பெயில் ஆனால் இன்ஜினில் ஏற விடமாட்டார்கள். ஷெட்டில் சாம்பல் அள்ள வேண்டியதுதான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயர்மேன் வேலை கரி அள்ளிப் போடுவதோடு முடிகிறதா? வளைவில் சிக்னல் அவன் பக்கம்தான் தெரியும் என்றால் அவன்தான் பார்த்து டிரைவருக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். "நீயே உன் டிரைவர்ட்ட சொல்லிரு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

அவனுடைய டிரைவர் அருளப்பன். வாரம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், பொய் பேசத் தெரியாதவர். சங்கரலிங்கமே போய் அவரிடம் சொன்னான். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சிக்னல் கூப்பிடுததுல சுணக்கம் இருந்துச்சு. தூங்குதான்னு நெனச்சேன். ஃபோர்மேன்ட்ட பேசி நாம ரெண்டு பேரும் பகல் வண்டியே வாங்கிக்கிடுவோம். பொழுது சாயுததுக்கு முந்தி ஷெட்டுக்கு வந்துரணும். டெஸ்டுக்குள்ள கண்ணு சரியாவலேன்னா, நானே மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துருவேன்லே. நம்ம பின்னால வண்டி நெறைய சனம் இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

2. கறியும் வேண்டாம், கீரையும் வேண்டாம்

மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். சங்கரலிங்கமோ சைவம். டிஸ்பென்சரி கம்பவுண்டர் மீன் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் ஆள் வெளியே ஓடிவிட்டான்.

சரி, கீரை சாப்பிடுடே என்றால் அதுவும் ஆகாதாம். வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம், எலுமிச்சங்காய் ஊறுகாய், இவ்வளவுதான் அவன் சாப்பாடு. பிறந்ததிலிருந்தே இப்படித்தானாம். பால், நெய் வாடையும் பிடிக்காது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏலே, ஆட்டையும் திங்க மாட்டேங்க. ஆடு திங்குததையும் திங்க மாட்டேங்க. உன்னை வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?"

மெல்ல மாட்டான் என்றால் குடிக்க வைப்போம் என்று முடிவு செய்தேன். முருங்கைக்கீரையை உருவி, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு தட்டிப் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் கொதிக்க வைத்து வடித்துக் கொடுத்தேன். நான் குடித்துப் பார்த்தேன், அருமையாக இருந்தது. அவன் ஒரு வாய் வைத்தான். கண் பிதுங்கிற்று. ஜன்னலுக்கு வெளியே துப்பினான். ஜன்னலுக்குக் கீழே அருளப்பனின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு கிடந்தது.

மறுநாள் பொன்னாங்கண்ணிச் சாறு. அன்றைக்குச் செருப்பை முதலிலேயே எடுத்து உள்ளே வைத்துவிட்டோம்.

3. பூசணிப் பால்

மூன்றாம் நாள் மார்க்கெட்டில் நன்றாக முற்றிய மஞ்சள் பூசணி ஒன்று கண்ணில் பட்டது. வெட்டினால் உள்ளே குங்குமப்பூ நிறம். பக்கத்திலேயே பப்பாளிப் பழம். இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செய்முறை சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூசணியைத் தோல் சீவி, குழைய வேகவைத்து மசிக்க வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி அதில் சேர்த்து ஒரு கொதி. இறக்கி வைத்த பிறகு, கெட்டித் தேங்காய்ப் பால். கொஞ்சம் சுக்குத் தூள், இரண்டு ஏலக்காய். பப்பாளியைக் குடிக்கிற நேரத்தில்தான் பிசைந்து கலக்க வேண்டும். முன்னாலேயே போட்டு வைத்தால் கசப்புத் தட்டும். தேங்காய்ப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். நெய் ஆகாதவனுக்குத் தேங்காய்ப் பால்தானே வழி.

சங்கரலிங்கம் மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். ஜன்னல் பக்கம் போகவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன பாயசமா?"

"ஆமலே, பாயசம்தான். குடி."

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சமையல்காரனிடம் இன்னும் இருக்கா என்று கேட்டால் அவன் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவான். தினம் ஒரு டம்ளர் கொடுத்தேன். மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவன் வந்தான், கொடியைத் தாண்டி நேரே என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கது தெரியுது. கலங்கலாத்தான் தெரியுது, ஆனா தெரியுது!"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் மடத்தனம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஒரு டம்ளருக்கே இவ்வளவு என்றால் ஒரு செம்புக்கு எவ்வளவு! காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு, வண்டியில் கொண்டு போக ஒரு தூக்குவாளி. அவனும் சளைக்கவில்லை. பக்குவம் பார்க்கிறேன் என்று நானும் நாளுக்கு நாலு கரண்டி குடித்தேன். மார்க்கெட்டில் பூசணிக்காய்க்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்.

4. குற்றாலத்தில் வெளுத்த சாயம்

ஆடி பிறந்தது. சாரல் கட்டிவிட்டது. டெஸ்டுக்கு முந்தின நாள் அருளப்பன் சொன்னார்: "டாக்டர் முன்னால கரிச்சட்டி மாதிரி போயி நிக்காதலே. குற்றாலத்துல போயி எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வருவோம்."

மூன்று பேரும் குதிரை வண்டி பிடித்துப் போனோம். பேரருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் சங்கரலிங்கத்தைப் பிடித்துத் துணி துவைப்பது போல அடித்துப் புரட்டினார். அருவியில் அரை மணி நேரம் நின்றான். சீயக்காய் போட்டு மறுபடி தேய்த்தார்கள். மாதக்கணக்கில் ஊறிய கரியெல்லாம் போய் ஆள் பளிச்சென்று பாறையில் வந்து உட்கார்ந்தான். எண்ணெய்க்காரர் துண்டால் அவன் பாதத்தைத் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"யய்யா, இவுகளுக்குக் காமாலைல்லா வந்திருக்கு!"

பார்த்தால் உள்ளங்கால் மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். மூக்கு நுனி கூட மஞ்சள். கல்யாணப் பெண்ணுக்குப் பூசியது மாதிரி இருந்தான். இத்தனை நாளும் அவன் கையில் கரி அப்பியிருந்ததால் எங்களில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

"வாயக் கழுவும்யா! நாளைக்கு டெஸ்டு இருக்கு, காமாலையாம் காமாலை" என்று எண்ணெய்க்காரர் மேல் பாய்ந்தேன். அவர் மேல் கையை ஓங்கியபோதுதான் என் உள்ளங்கையையும் பார்த்தேன். அதிலும் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

காமாலை பிடித்தவனை எந்த அடுப்படியில் சேர்ப்பார்கள்? ஷெட்டுக்கு விஷயம் எட்டியதும் ஆளாளுக்குக் கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே கசப்பு. சங்கரலிங்கம் துப்பாமல் குடித்தான்.

5. மதுரை டாக்டர்

மறுநாள் காலை டிஸ்பென்சரியில் டாக்டர் அவன் கையைப் பிடித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். ஏதேதோ கேட்டார். கடைசியில், "தினம் என்னப்பா சாப்பிடற?" என்றார். அவன் வாசலில் நின்ற என்னைக் காட்டினான்.

நான் கையோடு தூக்குவாளியைக் கொண்டு போயிருந்தேன். ஒரு கரண்டி வாங்கிக் குடித்தார். "பலே, நல்லா இருக்கே. இதை எவ்வளவு குடிக்கிறான்?" என்றார். சொன்னேன். என் உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

"காமாலைன்னா மொதல்ல கண்ணு மஞ்சளாகும்யா. இவன் கண்ணைப் பாரு, தும்பைப் பூ மாதிரி இருக்கு. இது பூசணிக்காய்ச் சாயம். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தோலுக்கு அடிச்சிருக்கு. குறைச்சாப் போயிடும். உமக்கும் அதேதான், பயப்படாதீர்."

போன உயிர் திரும்பி வந்தது. எழுத்து அட்டையை அவன் கடைசி வரி வரை வாசித்தான். கலர் நூல்களை நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னார், பிரித்தான். பேனாவை எடுத்தவர் சும்மா இருக்காமல் கேட்டார்: "அது சரி, எதுக்காக இவ்வளவு பூசணிக்காய்?"

என் பக்கத்தில் நின்ற அருளப்பன் தரையைப் பார்த்தார். நான் பாயசம் ருசி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சங்கரலிங்கமே சொல்லிவிட்டான்.

"மாலைக்கண் இருந்திச்சு ஐயா. இப்ப இல்ல. ஆனா இருந்திச்சு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "மாலைக்கண்ணைக் காலையில பார்த்து என்ன பிரயோஜனம்? சாயங்காலம் பார்க்கலாம்" என்றார். அந்தப் பகல் போனது எங்களுக்கு ஒரு வருஷம் போனது போல இருந்தது.

பொழுது சாய்ந்து, விளக்கேற்றுகிற நேரத்தில் அவரே ரன்னிங் ரூம் பின்பக்கம் வந்தார். சாரல் மூட்டத்தில் வழக்கத்தைவிட இருட்டாகவே இருந்தது. சங்கரலிங்கத்தை ஆட்டுரல் பக்கத்தில் நிறுத்தி, "தெரியறதைச் சொல்லு" என்றார்.

"சிக்னல்ல செவப்பு வெளக்கு எரியுது. கைகாட்டி இன்னும் எறங்கல. தண்ணித் தொட்டிக்கிட்ட ரெண்டு பேரு நிக்காவ, ஒருத்தர் தலைல துண்டு."

"அது வெளிச்சத்துல. இந்தப் பக்கம் இருட்டுல?"

அவன் திரும்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கொடில அண்ணாச்சி சட்டை கெடக்கு. கக்கத்துல சாணளவு கிழிஞ்சிருக்கு. ஏன் அண்ணாச்சி, தைக்கப்படாதா?"

எனக்கே தெரியாத கிழிசல் அது. டாக்டர் கொடிக்குப் பக்கத்தில் போய், சட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தார். கிழிசலுக்குள் விரலை விட்டு ஆட்டினார். அங்கேயே, அருளப்பனின் முதுகில் காகிதத்தை வைத்து 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும்யா. செம்பைத் தூக்கிப் பரண்ல போடும்."

ஆவணியில் அச்சன்புதூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கையில் அப்போதும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. கல்யாண வீடாக இருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பரணில் போட்ட செம்பை நான் பிறகு இறக்கவே இல்லை. அந்தச் சட்டையையும் தைக்கவில்லை. வேலையில் இருந்த வரை அதைப் பின்பக்கக் கொடியிலேயே போட்டு வைத்திருந்தேன். எந்த ஊர் பயர்மேன் வந்தாலும் சாயங்காலச் சோறு போடுவதற்கு முன்னால் கேட்பேன்: "ஏலே, அந்தக் கொடில என்ன கெடக்கு, சொல்லு பாப்போம்?" கிழிசல் வரைக்கும் சொன்னவனுக்குச் சோறு மட்டும் போடுவேன். சட்டையைப் பார்த்து வணக்கம் வைத்தவனுக்கு, சோற்றோடு ஒரே ஒரு டம்ளர் பூசணிப் பாலும் கொடுத்து, அவன் டிரைவருக்கும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவேன்.