பச்சை விறகு

விறகுக்காரரிடம் போய், "காலநிலை மாற்றம் பற்றி உங்க நிலைப்பாடு என்ன?" என்று கேட்டுவரச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கும் வந்தது. அந்த விறகுக்காரர் என் சொந்த அண்ணன் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெக்டரியில் நான் கிளாக்கர். வெளியிலிருந்து வரும் விறகு, சாக்கு, டீசல் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, இனிமேல் உலகம் சூடாவதைப் பற்றி அக்கறை உள்ளவர்களிடம்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டது. அதோடு விட்டதா? எங்களுக்குச் சாமான் கொடுப்பவர்களையும் நாங்கள் அதே மாதிரி விசாரிக்க வேண்டுமாம். விசாரித்து முடித்ததும் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து நேரில் பார்த்து, யார் இருக்கலாம், யாரை நிறுத்தலாம் என்று முடிவு சொல்வார்.

பதுளை டவுனில் சாக்கு முதலாளியிடம்தான் முதலில் போனேன். கேள்வியைக் கேட்டதும் மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தா தங்கச்சி, எனக்கும் வெயிலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? மழை பெஞ்சா சாக்கு நனையும், வெயில் அடிச்சா காயும். இதுல நான் என்ன பண்ணணும்ங்கிற?" நானும் விடவில்லை. கிழிந்த சாக்கை எரிக்கிறீர்களா, தைத்து மறுபடி கொடுக்கிறீர்களா? எங்களிடம் வரும் லொறி திரும்பும்போது வெறுமையாகவா போகிறது? ஒவ்வொன்றாய்க் கேட்டேன். கஞ்சத்தனத்தால் அவர் ஒன்றையும் வீணாக்குவதில்லை என்பது தெரியவந்தது. "அட, அப்ப நான் நல்லவன்தானா!" என்று அவருக்கே ஆச்சரியம். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

காலநிலை மாறுகிறதா என்று எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கச்சான் காற்று காய்ந்து அடிக்கிற மாதங்களில்தான் எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசம் ஏறும். முன்பெல்லாம் அந்தக் காற்று வருகிற காலத்தில் ஒழுங்காக வந்தது. இப்போது வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மழையும் அப்படித்தான், வராமல் வராமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கொட்டி நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் மண்ணைச் சரித்துவிட்டுப் போகும். கொழுந்து இல்லாத நாளில் மலையில் வேலையும் இல்லை. இத்தனையையும் பட்டவர்கள் நாங்கள். எங்களிடமே வந்து இதைப் பற்றி உனக்கு அக்கறை உண்டா என்று கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். எங்கேயாவது குண்டு வெடித்தால் போதும், சுற்றிவளைப்பு நடக்கும், தமிழ்ப் பையன்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். வடக்கு ஆள் இல்லை என்று காட்ட அடையாள அட்டையை நீட்டி "நான் பதுளை, நான் பதுளை" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் உலர்ந்துபோனதுதான் மிச்சம். போலீஸ் நிலையத்துத் தரையில் எத்தனை இரவு கிடந்தான் என்று எங்களிடம் அவன் சொன்னதே இல்லை. ஒருவழியாக ஊருக்கு வந்து, லொறி ஓட்டி, பழைய லொறி ஒன்றை வாங்கி, எங்கள் பெக்டரிக்கு விறகு போட ஆரம்பித்தான். பசறை ரோட்டில் ஒரு துண்டு நிலம், சின்னதாய் ஒரு வீடு, கல்யாணம். அண்ணிக்கு அப்போது ஏழு மாசம். விறகு நின்றால் லொறி நிற்கும். லொறி நின்றால் மறுபடியும் கொழும்புதான், வேறு வழி கிடையாது. அந்தக் கடைக்கார முதலாளி எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருந்தார். அண்ணிக்கும் இது தெரியும்.

அண்ணனை நானே விசாரிப்பது முறையில்லை. தோட்டத்து மனேஜர் தொரையிடம் நேராகப் போய், "அவர் என் கூடப்பொறந்தவருங்க, வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த வேலை பெரிய கிளாக்கருக்குப் போனது.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய இங்கிலீஷுக்கு எதிரே நிற்கத் தோட்டத்தில் ஆள் கிடையாது. தொரையே கடிதம் எழுதினால் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் லயத்துப் பேச்சைக் கேட்டால் அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும் பாருங்கள், அது எனக்குச் சுருக்கென்று குத்தும்.

அண்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இது முடியுற வரைக்கும் வெறகப் பத்தி எனக்குப் போன் பண்ணாத. நாளைக்கு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது."

"சரிங்க ஆபீசரம்மா," என்று கிண்டலடித்துவிட்டுப் போனான்.

மிஸ் வருகிற நாள் காலையில் பெக்டரி ரோட்டில் ஏறும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்பி பள்ளம் முழுக்க நிறைந்திருந்தது. தேயிலை காயவைக்கிற அடுப்பில் சூடு ஏறவே இல்லை என்று டீமேக்கர் கத்திக்கொண்டிருந்தார். விறகு அடுக்கும் இடத்துக்கு ஓடினேன். ஐயோ! பட்டை உரியாத யூக்கலிப்டஸ். வெட்டுவாயில் நீர் கசிந்துகொண்டிருந்தது. சில கொப்புகளில் இலைகூட வாடவில்லை. முந்திய நாள் நான் வீட்டுக்குப் போன பிறகு அண்ணன் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான்.

அவனோ இஸ்திரி போட்ட சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"ஒனக்கென்ன கிறுக்கா அண்ணே? இத்தன வருஷமா சுக்கா காஞ்ச வெறகு போட்ட ஆளு, இன்னைக்குன்னு பாத்தா இதக் கொண்டாந்து எறக்குவ?"

"என்னையவா ஏசுற? பெரிய கிளாக்கர் ஐயாதான் போன் போட்டுச் சொன்னாரு. இனிமே பச்ச வெறகுதான் எடுப்பாங்களாம், மத்தவங்க வெறகு வேணாமாம். எனக்கும் என்னடா இதுன்னுதான் இருந்துச்சு. வெளிநாட்டுக்குப் போற தேயில, வாசத்துக்கோ என்னவோன்னு நெனச்சேன். நீதான் போன் பண்ணக் கூடாதுன்னுட்டியே."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த இங்கிலீஷ் தாளில், கிரீன் விறகு கொடுப்பவர்கள் வேண்டும் என்று இருந்தது. சுற்றாடலைக் கெடுக்காமல், காட்டை அழிக்காமல் எடுத்த விறகு என்று அர்த்தம். பெரிய கிளாக்கர் அதை அப்படியே தமிழாக்கி 'பச்சை' என்றுவிட்டார். விறகுக்கு முன்னால் பச்சை வந்தால் ஈர விறகு என்று எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். காஸ் அடுப்பில் தேத்தண்ணி போடுகிற அவர் வீட்டில் அது எப்படித் தெரியப்போகிறது?

அதற்குள் மிஸ் வந்து இறங்கிவிட்டார். சிங்களப் பெண், இளவயது, மரியாதையான பேச்சு. நேராக விறகிடம்தான் போனார். வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தார். "உயிரோடு நின்ற மரத்தை வெட்டியிருக்கிறார்களே. எந்தக் காட்டில்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் சிங்களத்திலேயே விளக்கப் பார்த்தேன். அங்கேதான் வில்லங்கம். சிங்களத்தில் பச்சை நிறத்துக்கு ஒரு சொல், ஈர விறகுக்கு வேறொரு சொல். இரண்டுக்கும் ஒட்டே இல்லை. நான் சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிவிட்ட கதை மாதிரி கேட்டது. மிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் உங்கள் அண்ணன் என்று மனேஜர் சொன்னார்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேர்மையாக நடக்கப்போய் என் வாயை நானே கட்டிக்கொண்டேன். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் பெரிய கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். என் வாயில் வந்த வார்த்தைகளை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

"உதென்ன பிள்ளை, எல்லாம் ஈரமாக் கிடக்கு?"

"ஐயா போன்ல கேட்ட பச்ச வெறகுதாங்க," என்றேன். "தமிழ்ல பச்ச வெறகுன்னா இதுதாங்க."

அவர் விறகைப் பார்த்தார், என் அண்ணனைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்றிருக்கலாம். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன், உள்ளதைச் சொல்கிறேன். அவர் குடையை விறகின்மேல் சாத்தி வைத்தார்.

"நான்தானே பிள்ளை அவனுக்கு அப்பிடிச் சொன்னனான். பிழை என்ர. பொடியனில ஒரு பிழையும் இல்லை."

பிறகு மிஸ்ஸிடம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். டீமேக்கர், அடுப்புக்காரர்கள், கொழுந்து ஏற்றி வந்த ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொழிபெயர்த்தது தான்தான், அதுவும் தப்பாக, அந்த மனிதன் கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்தான், யாரையாவது நிறுத்துவதென்றால் தன்னை நிறுத்துங்கள் என்றார். அந்தப் பெரிய இங்கிலீஷ் அன்றைக்கு நடுநடுவே தடுக்கி விழுந்தது. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

மிஸ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சேர், இங்கிலீஷிலும் ஈர விறகுக்கு அதே கிரீன் என்ற சொல்தானே!"

"அதுவும் எனக்குத் தெரியாமல் போச்சே," என்றார் அவர்.

சிரித்தாலும் மிஸ் கேள்வியை விடவில்லை. மரம் யாருடையது? மிஸ் முன்னால் அண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்து, சிங்களத்தில் சொன்னான். "என்னோடது மிஸ். வந்து பாருங்க."

தோட்டத்து ஜீப்பில் எல்லாருமாகப் போனோம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் புதிதாக வெட்டிய அடிமரங்கள், சுற்றிலும் மரத்தூள். நிலம் வாங்கிய கையோடு அவன் நட்டு வளர்த்த மரங்கள் அவை. அதற்குக் கீழே வரிசை வரிசையாய் முழங்கால் உயரக் கன்றுகள். அண்ணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குச் சிங்களமும் வராது, இங்கிலீஷும் வராது.

"வெட்டும் மரத்துக்குப் பதிலாகவா கன்று நடுகிறீர்கள்?" என்று மிஸ் ஆசையோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைடா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்புடிச் சொன்னா பொய்யாயிரும் மிஸ். போன மழையில பின்னால மண்ணு எறங்கிருச்சு, வேர் புடிச்சு நிறுத்தட்டும்னு நட்டேன். வளந்தா விக்கலாம்னும் நெனச்சேன். எப்பவும் நான் போடுற வெறகு, தோட்டத்துல பட்டுப்போன நெழல் மரம், அவங்களே விக்கிறது."

"பின்னே இந்த மரங்களை ஏன் வெட்டினீர்கள்?"

"பச்ச வெறகு ஒரே நாள்ல வேற எங்க எடுக்குறது? மத்தவன் காட்டுல கை வைக்க ஏலாதே. மச்சினனக் கூட்டிக்கிட்டு வந்து வெட்டுனேன். மனசே இல்ல."

இதை நான் பெரிய கிளாக்கருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கும் சிங்களம் தெரியும். ஒரு அடிமரத்தின்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "என்ர கடவுளே! ஏன் தம்பி, என்னட்ட ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

"ஐயாகிட்ட எப்புடிங்க கேக்குறது?" என்றான் அண்ணன்.

பெரிய கிளாக்கர் எழுந்து போய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். விறகைக் கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவைக்க வேண்டும், ஒவ்வொரு லோடும் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். வெட்டிய அடிமரங்களை அப்படியே விடுங்கள், துளிர்க்கும் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்கள் விறகுக்காரரை நிறுத்த நான் சொல்லமாட்டேன். இவரே போடட்டும்," என்றார்.

நான் வெட்கம் பார்க்கவில்லை. ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ட்ரைவர் என்னவோ ஏதோவென்று இறங்கி ஓடி வந்தார். பெரிய கிளாக்கர் தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினார், அதை வாங்கி மூக்கைச் சிந்திவிட்டேன், அப்புறம் எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று தெரியவில்லை.

அண்ணி இத்தனை நேரமும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். புகையும் ஜீப்பும் பெரிய ஆட்களும் என் அழுகையும் சேர்ந்து அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அண்ணன் கிட்டே போனதும், அழாமல், மெதுவாகக் கேட்டாள்.

"எப்பங்க கெளம்புறீங்க?"

"எங்க?"

"கொழும்புக்கு."

"நான் எங்கயும் போகல புள்ள," என்றான் அண்ணன். அவள் நம்பவில்லை. அவன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாக.