ஐஸ்கிறீம் தட்டும் பிரிட்டிஷ் கள்ளர்களும்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சின்ன சினிமாத் தியேட்டரில். கதவில் டிக்கெட் கிழிக்க வேண்டும், இடைவேளையில் கழுத்தில் தட்டைத் தொங்கவிட்டு ஐஸ்கிறீம் விற்க வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அந்த வேலை போனால் விடுதி அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

முதலாளி கெல்லர் அம்மையார் முதல் நாளே, ஜெர்மன் மரியாதையில் பெயருக்கு முன் 'ஹெர்' போட்டு என்னிடம் சொன்னார்: "ஹெர் பாலன், சிரியுங்கள். அதிகம் கதைக்காதீர்கள்." நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

1. முகம் மாறாத திருடர்கள்

அப்போது ஓடியது ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். ஒரு வக்கீல், அவர் மனைவி, ஒரு கார் டிரைவர், ஒரு போலிப் பாதிரியார். நான்கு பேரும் சேர்ந்து ஒரு வைரப் பையைத் திருடி, பிறகு ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் கழுத்தறுப்பார்கள். திரையில் ஒருவரும் சிரிப்பதில்லை, அடிபட்டு விழுந்தவனும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொல்வான். பையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரியும் இடத்தில் இடைவேளை வரும்.

நகைச்சுவை என்றால் ஒருவன் வழுக்கி விழுந்து ஊளையிட வேண்டும் என்று நம்பிய எனக்கு இது பிடிபட ஒரு கிழமை எடுத்தது. பிடிபட்ட பிறகு என் தலைக்கனம் தாங்க முடியவில்லை.

2. நான் செய்த உபகாரம்

ஆங்கிலம் வேகமாக ஓடும். திரையின் கீழே ஜெர்மனும் பிரெஞ்சும் எழுத்தாக இரண்டு வரியில் ஓடும். இடைவேளையில் சனம் குழம்பிப்போய் ஐஸ்கிறீம்காரனான என்னிடம் கேட்கும், பை யாரிடம் என்று. நான் மலர்ந்த முகத்தோடு சொல்வேன்: "மனைவியிடம். கடைசியில் அவள் மட்டும் தப்பிவிடுவாள்."

யாழ்ப்பாணத்தில் படம் பார்த்துவிட்டு வந்தவன் கதையை முடிவுவரை சொல்லாவிட்டால் அவனைக் கஞ்சன் என்பார்கள். பாட்டுப் புத்தகத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போடுவார்களே, அந்த ஒரு வரிதான் எங்களுக்குப் பிடிக்காது. ஆகவே வரிசை வரிசையாக உபகாரம் செய்தேன்.

கெல்லர் அம்மையார் வாடிப்போனார். முதல் பாதியில் சிரிக்கும் சனம் இரண்டாம் பாதியில் தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்கிறதே என்று ஒலிபெருக்கியைச் சோதித்தார், ஹீட்டரைச் சோதித்தார். கடைசியில், நாளை மாலைக் காட்சியைத் தானே இருந்து பார்த்து, இப்படியே போனால் படத்தையும் தூக்கி ஆளையும் குறைப்பேன் என்றார். இருந்த ஆள் நான்தான்.

எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்த செல்வராசா அண்ணை எதிர் ரெஸ்டாரண்டில் சமையலறையில் நின்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணை, சனம் சிரிக்குதில்லையாம். படத்தைத் தூக்கப் போறாவாம்."

"நீ என்னடாப்பா செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. விளங்காத ஆக்களுக்குக் கதையை விளங்கப்படுத்தினனான்."

"முடிவையுமோ?"

"ஓம். அதைத்தானே முதல்ல கேக்கினம்."

அண்ணை கழுவிய சட்டியை அப்படியே வைத்துவிட்டார். "விசரா, சனத்தின்ர சிரிப்பை நீயெல்லே திண்டுபோட்டாய்."

சிரிக்க வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தியேட்டருக்கே வாய்க்கட்டுப் போட்டிருக்கிறேன்.

3. பாதிரியார்மேல் பழி

மறுநாள் இடைவேளை. கெல்லர் அம்மையார் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வழக்கமாக வரும் ஒரு வயதான பெண்மணி வனிலா வாங்கிக்கொண்டு கேட்டார்: "சொல்லுங்கள், பை யாரிடம்?"

தெரியாது என்று சொல்லலாம். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பிறவி நானில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், மிகுந்த மரியாதையோடு சொன்னேன்: "மன்னிக்கவும் அம்மையாரே, பாதிரியாரிடம்."

அது வரிசை வரிசையாகக் கிசுகிசுவாகக் கெல்லர் அம்மையார் இருந்த பின்வரிசை வரை போனது. படம் மறுபடி தொடங்கியது. பாதிரியார் தன் பெட்டியை வெற்றியோடு திறந்து, உள்ளே வெறும் செங்கல்லைக் கண்ட இடத்தில் தியேட்டர் சிரிப்பில் வெடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

வெளியே வரும்போது அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "நீங்களும் அந்தத் திருட்டுக் கூட்டத்து ஆள்தான்."

கெல்லர் அம்மையார் கடைசியாக வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஹெர் பாலன், நாளையிலிருந்து கதைக்கலாம். ஆனால் அதே பொய்யைத்தான் சொல்ல வேண்டும்."

வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுவது சேவை இல்லை என்று அன்று படித்தேன். பிறகு எத்தனையோ வேலைகளில் அது உதவியது. அன்று எனக்கு வேலை தப்பிய சந்தோஷத்தில் அழுகைதான் வந்தது. ஆனால் முகத்தை மாற்றாமல், அவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஐஸ்கிறீம் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.