புகையில்லாத ஆறு நாள்

மீனம்பாளுக்கு நாற்பத்தேழு வயது. செஞ்சியில் மல்லாட்டை மில் ஒன்றில் வேலை. வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மிஷின் உடைத்துத் தள்ளும் பருப்பிலிருந்து சொத்தையையும் கல்லையும் பொறுக்கி எடுக்க வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறுக்கு எழுந்திருப்பாள். கூலி போக, வேண்டிய மட்டும் தோல் அள்ளிக்கொண்டு போகலாம். அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தோலாலும், வேலிகாத்தான் சுள்ளியாலும்.

அவள் கணவர் தங்கராசு இருபத்திரண்டு வருடம் ஜல்லி கிரஷரில் வேலை பார்த்தவர். கல் தூசி அவர் நுரையீரலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பத்து அடி நடந்தால் நின்றுகொள்வார். மூச்சு மொத்தமாக அடைத்துக்கொள்ளும் நாளில் அரசு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுப்பார்கள், அரை மணி நேரத்தில் திரும்பி வருவார். இதற்காகத்தான் சொந்த ஊரான சீயமங்கலத்தை விட்டுச் செஞ்சிக்கு வந்தார்கள். அங்கேயிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போன வருடம் ஒரு முறை ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. செஞ்சியில் அவர்கள் பிடித்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்டோவில் மூன்று நிமிடம். ஒரு அறை, பின்பக்கம் ஒரு முற்றம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவள் அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் ஸ்டெல்லா டீச்சர் குடியிருந்தார். அவருடைய நான்கு வயதுப் பெண்ணுக்கு வீசிங். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி மீனம்பாள் சோறு ஆக்கினால், புகை நேராக அந்தக் குழந்தையின் ஜன்னலுக்குப் போகும். மீதி தங்கராசுவிடம் திரும்பி வரும். ஐப்பசி மழையில் இரண்டு முறை குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் வீராசாமி கேட்டில் ஒரு தகரப் பலகை மாட்டினார். 'இந்த வளாகத்தில் புகை வரும் அடுப்பு கூடாது.'

இந்தக் கட்டளை நியாயமானது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விறகுப் புகை விஷம். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதை இழுத்து இருமிக்கொண்டே செத்தார்கள், நாம் அதை அடுப்படி மணம் என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஆனால் கூடாது என்று சொல்கிறவனுக்கு ஒரு பலகை போதும். எதில் சமைப்பது என்கிற கேள்வி எப்போதும் சமைக்கிறவள் தலையில்தான் விழுகிறது.

கேஸ் இல்லையா என்று கேட்கலாம். கேஸ் இணைப்பு தங்கராசுவின் இறந்துபோன அம்மாவின் பெயரில், சீயமங்கலத்து முகவரியில் இருந்தது. பெயரை மாற்றச் செஞ்சி முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரத்துக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீராசாமி யாருக்கும் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. "இன்னாமா, நாளைக்கு வீட்டையே எழுதிக் கேப்பியா?" என்றார். கரண்ட் அடுப்பு வைக்கலாமா என்றதற்கு, "வயரு தாங்காது" என்றார். சின்ன சிலிண்டர் இருக்கிறதே என்றால், அது தீருகிற வேகமும் தங்கராசுவின் மாத்திரை தீருகிற வேகமும் ஒன்று. ஏதாவது ஒன்றைத்தான் திரும்ப வாங்க முடியும்.

கடைசியில் வீராசாமி ஒரு நாள் குறித்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன். அடுப்ப பத்த வச்சிக் காட்டு. பொக வரலன்னா இரு. வந்தா காலி பண்ணிடணும். செல்போன் கடைக்காரர் ஒருத்தர் வீடு கேட்டுக்கினு இருக்கிறாரு."

அதற்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு கோணிப் பையில் மல்லாட்டைத் தோலும் சுள்ளியும் இரண்டு வரட்டியும் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் உள்ள பார்த்திபனின் பாத்திரக் கடைக்குப் போனாள். எல்லா எரிபொருளும் போடக்கூடிய புகையில்லா அடுப்புகள் அங்கே மூன்று வகை இருந்தன.

ஒன்றில் குழாய் இருந்தது. கூரையில் துளை போட வேண்டும், வீராசாமி விடமாட்டார். அதைத் தொடவே இல்லை. இரண்டாவதில் அடியில் சின்ன ஃபேன், அதற்கு பேட்டரி. பார்த்திபன் அதைத்தான் முன்னால் தள்ளினான்.

"நடுவுல சோறு வேகல, இன்னும் ரெண்டு குச்சி போடணும்னா?" என்றாள் மீனம்பாள்.

"நடுவுல போடக் கூடாது. மொதல்லயே ரொப்பிடணும்."

"கரண்ட் இல்லாம சார்ஜ் எறங்கிட்டா?"

"பொக வரும்."

"அப்ப இது ஃபேன் ஓடற வரைக்கும்தான் நல்ல அடுப்பு."

மூன்றாவது இரட்டைச் சுவர் வைத்த தகர அடுப்பு. ஃபேன் இல்லை. வெளிச்சுவரின் அடியில் ஒரு வரிசைத் துளை. உள்சுவரின் மேல் விளிம்பை ஒட்டி இன்னொரு வரிசை. கீழே நுழையும் காற்று இரண்டு சுவருக்கும் நடுவில் சூடாகி ஏறி, மேல் துளை வழியாகப் புகையின் மீது பாயும், அங்கே புகையே எரிந்துவிடும். பார்த்திபன் இதை ஒப்பிப்பதற்குள் அவள் குனிந்து விரலை விட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண்.

"பத்த வை, பாக்கணும்."

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இத்தினி கேள்வி."

"பொண்ணு பாக்கப் போனா காபியாவது குடுப்பாங்க. நீ நெருப்பு கூடக் குடுக்க மாட்டேங்கிறியே."

கடைக்குப் பின்னால் பற்றவைத்தார்கள். தோலை அப்படியே கொட்டியதும் புகைந்தது. பார்த்திபன் முகம் சுருங்கியது. மீனம்பாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒரு காலி பாட்டில் கேட்டாள். அதை அடுப்பு நடுவில் நிறுத்தி, சுற்றிலும் தோலைத் திணித்து அழுத்தி, பாட்டிலை உருவினாள். மரத்தூள் அடுப்பில் செய்கிற வேலை. நடுவில் கிணறு மாதிரி ஓட்டை நின்றது. அதில் சுள்ளி இரண்டைச் செருகிப் பற்றவைத்தாள். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை. பிறகு மேல் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மஞ்சள் நாக்கு எரிய ஆரம்பித்தது. தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தீக்கு மேலே விரித்துப் பிடித்தாள். கரி படியவில்லை.

"இத நான் வேற ஆளுங்களுக்குக் காட்டலாமா?" என்றான் பார்த்திபன்.

"காட்டு. என் பேரச் சொல்லு."

அடுப்போடு ஒரு மடித்த தாளும் வந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள். சமைப்பவள் படிப்பாள் என்று அந்தக் கம்பெனியில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு முதல் வெள்ளிக் காலை வரை ஆறு நாள் அந்த அடுப்பு எரிந்தது. சோறு, குழம்பு, தங்கராசுவுக்கு வெந்நீர். மாடி ஜன்னல் திறந்தே இருந்தது. புதன்கிழமை ஸ்டெல்லா டீச்சர் படியிறங்கி வந்து, "அக்கா, இன்னிக்கி சமைக்கலியா?" என்று கேட்டார். "மீன் கொழம்பே வச்சிட்டேன் டீச்சர்" என்று மீனம்பாள் மூடியைத் திறந்து காட்டினாள். தங்கராசு அந்த வாரம் முழுதும் ஒரு நாள் கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் மில்லுக்குப் போன பிறகு, தங்கராசுவின் அக்கா ராஜாம்பாள் தம்பியைப் பார்க்க ஊரிலிருந்து வந்தாள். வரும்போதே ஒரு பையில் சாணமும் செம்மண்ணும் கொண்டுவந்திருந்தாள். டவுனில் சாணி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டைக் கூட்டினாள், முற்றத்தைக் கழுவினாள். அடுப்பைப் பார்த்தாள். புதுசு. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெறும் தகரமாக நிற்கிறது.

அவள் ஊரில் வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகாத வீடு கிடையாது. ராஜாம்பாள் சாணத்தையும் செம்மண்ணையும் குழைத்து அடுப்பை வெளியிலும் உள்ளேயும் வழவழவென்று மெழுகினாள். துளைகளைத் தகரத்தில் விழுந்த ஓட்டை என்று நினைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள். மஞ்சள் வைத்து, மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு வைத்து, வெயிலில் காயப் போட்டாள். தங்கராசு கட்டிலில் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபத்திரண்டு வருடம் மிஷினோடு வாழ்ந்த மனிதர். அவருக்கும் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறது என்று கூடச் சொன்னார்.

சாணி கிருமியைக் கொல்லும் என்று இன்னமும் மேடை போட்டுப் பேசுகிற படித்தவர்கள் இருக்கிறார்கள். ராஜாம்பாள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தம்பி வீடு லட்சணமாக இருக்க வேண்டும் என்று இடுப்பு ஒடிய வேலை செய்தாள், அவ்வளவுதான்.

ஆறரை மணிக்கு வந்த மீனம்பாள் முற்றத்தில் நின்றாள்.

"அண்ணி, இது இன்னா பண்ணீங்க?"

"ஒரு பொட்டு கூட வைக்காம எரிச்சிருக்கிறியே மீனா. பாரு, இப்பதான் அடுப்பு மாதிரி இருக்குது."

மீனம்பாள் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி ஒவ்வொரு துளையாகக் குத்தினாள். மண் உள்ளே போய் விழுந்தது. தண்ணீர் ஊற்றினாள். மண்ணும் சாணமும் கரைந்து, கை போகாத இரட்டைச் சுவர் இடுக்கில் இறங்கி அடியில் தங்கின. கவிழ்த்துத் தட்டினால் ஒரு கைப்பிடி வந்தது. மீதி வரவில்லை. விஷயம் புரிந்ததும் ராஜாம்பாளும் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் குத்த ஆரம்பித்தாள். "ஏன்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு மீனம்பாள் பார்த்திபனிடம் போனாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரிவெட் அடிச்சிருக்குதுக்கா. இங்க பிரிச்சா மறுபடி சேராது. கம்பெனிக்கு அனுப்பணும். இருவது நாளு ஆவும்."

"நாளைக்கி பத்து மணிக்கு வேணும்."

வேறு ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் தருவாயா என்று கேட்டாள். இருந்த இன்னொன்றை முந்தாநாள் வல்லத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போயிருந்தார். பாட்டில் வைத்துத் தோல் எரிக்கும் வித்தையைக் காட்டித்தான் விற்றானாம்.

ஞாயிறு பத்து மணி. வீராசாமி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீனம்பாள் தோலைத் தொடவில்லை. நன்றாகக் காய்ந்த சவுக்குக் குச்சியை விரல் பருமனுக்குப் பிளந்து வைத்திருந்தாள். பற்றவைத்தாள். ஐந்து நிமிடம் தீ மட்டும் எரிந்தது. வீராசாமி கூட, "பரவால்லியே" என்றார்.

பிறகு தகரம் சூடேறியது. இடுக்கில் இருந்த சாணம் கனன்றது. புகை தீயிலிருந்து வரவில்லை, அடுப்பின் பக்கங்களிலிருந்து வந்தது. வெள்ளையாக, மெதுவாக, கீழ்த் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் கசிந்தது. மீனம்பாள் ஊதினாள். குச்சியை வெளியே இழுத்தாள். தீ அணைந்த பிறகும் புகை நிற்கவில்லை. மாடியில் குழந்தை இருமியது. ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. அறைக்குள் தங்கராசு வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார், தன் இருமல் வெளியே கேட்கக் கூடாது என்று.

"அண்ணே, ஆறு நாளு எரிஞ்சிதுண்ணே. டீச்சரக் கேளுங்க. மண்ணு அடச்சிக்கிச்சி. இருவது நாளு குடுங்க."

"நான் இன்னாமா பண்றது? பொக வருதா இல்லியா?"

ஸ்டெல்லா டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி வரை வந்தார். "ஆறு நாளும் வரலிங்க. அது நெசம்" என்றார். குழந்தை அவர் தோளில் முகத்தைப் புதைத்து இருமிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி மேலே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

"சின்ன சிலிண்டர் எடுத்துக்கறேண்ணே. எப்பிடியாவது."

"அத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" வீராசாமி செல்போனை எடுத்து, அடுப்பு புகைந்துகொண்டிருக்கும்போதே செல்போன் கடைக்காரரிடம் பேசினார். ஒன்றாம் தேதி வரலாம் என்றார். அவர் குரலில் கோபம் கூட இல்லை.

யார் மீது வழக்குப் போடுவது? நுரையீரலில் கல் தூசி ஏற்றியவன் மீதா? அவன் கிரஷரை விற்றுவிட்டுப் போய்விட்டான். ஒப்பந்தம் எழுதாத வீட்டுக்காரர் மீதா? ஒப்பந்தமே இல்லையே, எதைக் காட்டுவது? படிக்க முடியாத மொழியில் தாள் அச்சடித்தவன் மீதா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு துளையாக அடைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் ராஜாம்பாளின் கட்டைவிரல் மட்டும்தான் தெரிந்தது. மீனம்பாள் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாடகைக்கு வேறு வீடு நான்கு இடத்தில் கேட்டாள். இரண்டில் விறகு கூடாது என்றார்கள், ஒன்றில் நோயாளி கூடாது என்றார்கள், ஒன்றில் இவர்கள் என்ன சாதி என்று கேட்டார்கள்.

முப்பதாம் தேதி மத்தியானம் சாமான்களைச் சின்ன வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். தங்கராசு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மீனம்பாள் எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"சீயமங்கலத்துலேர்ந்து செஞ்சிக்கு வர்றதுக்குக் காத்தால மொத பஸ்ஸு எத்தினி மணிக்குங்க?"

"ஆறேகாலு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் கெடையாதும்மா."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னான்?" என்றார் தங்கராசு.

"நெறைய பஸ்ஸு இருக்குதாம்" என்றாள்.