பாஸ்வேர்டு பெட்டிக்கு முன்னால்

பாஸ்வேர்டு அடித்ததும் திரை வரவேண்டும், வேண்டியதெல்லாம் தானாகத் திறக்கவேண்டும்: லினக்ஸ் கணினிகளில் இதற்கான கட்டளைகளை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர் மத்தியில் ‘கம்ப்யூட்டர் ஆளு’ என்று பெயர் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் அலுப்பு அவர்களுக்குப் புரியும்.

கறுப்புப் புள்ளிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முசிறி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். சமயபுரத்திலிருந்து ஒரு லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார். கணினி பாஸ்வேர்டை ஏற்கவில்லை. மொட்டை போட்ட குழந்தைகளோடு நாலு குடும்பம் ரூமுக்குக் காத்திருக்கிறது. “கவனமா அடிங்க” என்றேன். “எட்டு தடவை அடிச்சாச்சு சார்” என்றார்.

பாஸ்வேர்டு பெட்டியில் கறுப்புப் புள்ளிகள்தானே தெரியும். அதையே பெயர் கேட்கும் பெட்டியில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். வந்ததெல்லாம் தமிழ் எழுத்து. முந்தின நாள் அவருக்காகத் தமிழ் விசைப்பலகை போட்டவன் நான்தான். லாகின் திரைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். மூலையில் இருந்த மொழிக் குறியை மாற்றச் சொன்னதும் திறந்துகொண்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

“தமிழ் வேணும்னு கேட்டது நான்தான் சார். பாஸ்வேர்டுக்குமா கேட்டேன்?”

ஒரு வார்த்தை

காட்டூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. ஆய்வகத்தில் எல்லாக் கணினிக்கும், பாஸ்வேர்டு அடித்ததும் தானாக ஓடும் ஒரே தொடக்கக் கட்டளைக் கோப்பு வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. ஒன்பதரைக்கு ஆய்வகப் பொறுப்பாளர் மல்லிகா மேடம் போன் செய்தார். பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு நொடி கறுக்கிறது, திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது. எல்லாக் கணினியிலும் இதே கதை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வராந்தாவில் பெண்கள் ஹால் டிக்கெட்டோடு நின்றார்கள்; ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கோப்பு ஓடாத வெறும் எழுத்துத் திரை வழியாக உள்ளே போய்க் கோப்பைத் திறந்தால், கடைசி வரியில் ‘வெளியேறு’ என்று பொருள்படும் கட்டளை. வேறொரு கோப்பிலிருந்து நான் வெட்டி ஒட்டியபோது கூடவே வந்திருக்கிறது. உள்ளே வருகிறவர்களை எல்லாம் அதுதான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணினியிலும் அந்த வரியை அழித்து முடிக்கப் பத்தேகால். தேர்வு தாமதமாகத்தான் தொடங்கியது. என் பின்னாலேயே வந்த மேடம் திட்டவில்லை. இதை மட்டும் கேட்டார்:

“ஒரு வார்த்தைக்காகவா சார் இத்தனை பிள்ளைங்க வெளிய நின்னுச்சு?”

மாத்திரை

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் ஒரு மாமி, பெயர் ருக்மணி. கணினி திறக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று கூப்பிட்டார். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். போன வருஷம் காலமானவர். அவர் எழுதிவைத்த தொடக்கக் கட்டளைகள் ஒரு டஜன் இருந்தன. ஒன்று, வீட்டில் இல்லாத பிரின்டரைத் தேடிக்கொண்டிருந்தது. மற்றவற்றைப் படிக்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் அழித்தேன். சட்டென்று திறந்தது. பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மாமி போன் செய்தார். “கார்த்தால திறந்தா ஒரு பெட்டி வருமே, காணலையே?” அதுவும் அவர் கணவர் எழுதியதுதான். நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. நேரில் போய் உண்மையைச் சொன்னேன். “அதுல என்ன இருந்துது மாமி?” என்று கேட்டேன். ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார்: “ருக்கு, பிரஷர் மாத்திரை போட்டாச்சா? காபிக்கு அப்புறம்னு சொல்லாதே.”

அப்படியே எழுதி வைத்தேன். கணினியை அணைத்துத் திறந்தோம், பெட்டி வந்தது. “இது அவர் எழுதினது இல்ல மாமி, நான் எழுதினது” என்றேன், தலையைத் தூக்காமல். மாமி மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்:

“யார் எழுதினா என்ன, அதட்டறது அவர்தானே.”

எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாருக்கும் தெரிவதில்லை, ஓடாத நாளில் எனக்கே தெரிவதில்லை.