மூவர்ணக் குதிரை

ஸ்ப்ரே சாயத்தின் காரமான நெடி, அப்பாவுக்கு நாலு வீடு முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், பதனிட்ட தோலுக்கு நிறம் அடிக்கும் பகுதியில் அவர் 'மேஸ்திரி'. அவருடைய சட்டைக் கையைப் பார்த்தே, அடுத்த பருவத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எந்த நிறத்தில் ஷூ போடப்போகிறார்கள் என்று எங்கள் தெரு சொல்லிவிடும்.

எனக்குப் பத்து வயதானபோது, சுதந்திர தின விழாவுக்குக் குதிரை கொண்டுவருவதென்றும், அதன்மேல் பாரத மாதா அமர்ந்து வருவதென்றும் தெருவில் முடிவாயிற்று. அந்த வேடம் எனக்குக் கிடைத்ததற்கு அழகோ தேசபக்தியோ காரணமல்ல. 'வெயிட் கம்மி' என்பதுதான். இன்று என்னைப் பார்ப்பவர்கள் இதை நம்ப மறுத்தால் நான் வற்புறுத்துவதில்லை.

குதிரை, ரயிலடியில் ஜட்கா ஓட்டிய பாஷா பாயுடையது. பெயர் மோத்தி, பெயருக்கேற்ற முத்து வெள்ளை. பாய்க்கு நிலமோ கடையோ கிடையாது. மோத்தி நடந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். சலங்கையும் பூமாலையும் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"பூ வாடிப்பூடும் பாய்," என்றார் அப்பா. "நடுவுல வெள்ளை ரெடியா கீது. முன்னால காவி, பின்னால பச்ச, ரெண்டு கலர்தான் பாக்கி."

"தோலுக்கு அடிக்கிற சாயமாண்ணே?"

"அப்ப இது இன்னா, துணியா?"

தெருவே சிரித்தது, பாயும் சிரித்தார். தன் குதிரை கொடியாகப் போகிற பெருமையில் கடிவாளத்தை அவரே பிடித்துக்கொண்டு, "கண்ணாண்ட மட்டும் பாத்து அடிங்கண்ணே," என்றார். வேறு ஊரில் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்திருக்காது. எங்கள் ஊரிலோ, தோல் என்று ஒன்று கண்ணில் பட்டால் என்ன நிறம் அடிக்கலாம் என்றுதான் கை பரபரக்கும். அப்பா ஓர் இடம் விடாமல் அடித்தார். பளபளப்புக்காக, நடுவிலிருந்த வெள்ளையையும் சேர்த்து, மேலே 'லாக்கர்' என்ற மெருகுப் பூச்சு வேறு. அதுவரை அவர் சாயம் அடித்த எந்தத் தோலும் வியர்த்ததில்லை.

மறுநாள் ஊர்வலம் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கீழே மோத்தி நடுங்க ஆரம்பித்தது. மேளத்துக்குச் சிலிர்க்கிறது என்றார்கள்; நானும் அட்டைக் கிரீடத்தோடு இருபுறமும் கையசைத்தேன். கொடிக்கம்பத்தின் முன்னால் அது முன்னங்கால்களை மடித்துச் சரிந்தபோது, வணக்கம் வைக்கிறது என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

"புள்ளய எறக்குங்க! மொதல்ல புள்ளய எறக்குங்க!" என்று கத்தியவர் பாஷா பாய்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவ்வளவு தரமான வேலை. அப்பா ஓடிப்போய், சாயத்தைக் கரைக்கும் தின்னர் கொண்டுவந்து தேய்த்தார். சாயத்தோடு மயிரும் வந்தது, பிறகு தோலும் வந்தது. பாய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிடி கண்ணு, வண்டி பூட்டல, சும்மா நடந்து வா, வூட்டுக்குப் போலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் மோத்தி செத்துப்போயிற்று.

குதிரையில்லாத ஜட்காக்காரருக்கு அப்பாவால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: தன் பகுதியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். பாயும் மறுக்கவில்லை, மறுத்து எங்கே போவார்? அப்பா ஓய்வுபெறும்வரை இருவரும் அடுத்தடுத்து நின்று தோலுக்குச் சாயம் அடித்தார்கள். ஒரு டீகூட ஒன்றாகக் குடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்பா இப்போது இல்லை. ரயிலடியில் ஜட்காக்களும் இல்லை. அவை நின்ற இடம் எது என்று கேட்டால் அங்கு நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது. போன மாதம் வேலூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, வழியில் பாஷா பாயைப் பார்த்து நான் வந்த ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறுங்க பாய்."

"நீ போம்மா. நான் நடந்தே வர்றேன்."

திரும்பிப் பார்த்தேன். தன் இடப்பக்கம் ஒரு குதிரை நடக்கும் அகலத்தைக் காலியாக விட்டு, சாலைக்குள்ளாகவே நடந்து வந்தார். பின்னால் வந்த லாரிக்காரர், "யோவ் பெருசு, ஓரமாப் போய்யா!" என்று கத்தினார். ஓரத்தில் இடமில்லாதவரைப் போல, பாய் அப்படியே நடந்துகொண்டிருந்தார்.